கரையேறிய துறையைக் கண்டு வருவோம்

நமது அறவாரியத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை தரவேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபோது, சமயப் பொருளில் எழுத என்னைவிடத் தகுதியுடையோர் பலர் இருக்கிறார்களே என்றுதான் முதலில் தயங்கினேன். ஆயினும் ஆலயச் சுற்றுலாக்களை ஆண்டுதோறும் ஏற்பாடு செய்து வருபவன் என்ற முறையில், கிள்ளானுக்கும் அதனைச் சுற்றியுள்ள கடலோரப் பகுதிகளுக்கும் செல்லும் அன்பர்கள் அங்கே எவற்றைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று எழுதினால் பயன்படும் எனத் தோன்றியது. அதற்கு ஒரு காரணமும் உண்டு. அதைச் சொல்லியே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை. இரண்டு பேருந்துகளில் கிள்ளான் பெருமாள் கோயிலுக்குச் சென்றிருந்தோம். நல்ல தரிசனம். வயிறார அன்னதானம். பிறகு லிட்டில் இந்தியா கடைவீதியில் இரண்டு மணி நேரம். எல்லாரும் கைநிறையப் பைகளோடு பேருந்தில் ஏறிக்கொண்டிருந்த வேளையில், எண்பது வயதை நெருங்கிய ஒரு மூதாட்டி என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, இவ்வளவு தூரம் வந்துட்டோம். அப்படியே போர்ட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா? நான் வந்து எறங்குன எடம். அதுக்கப்புறம் நான் பார்க்கவே இல்ல" என்றார்.

"நேரமாகிவிட்டது அம்மா. அடுத்த முறை கட்டாயம் போவோம்" என்று சொல்லி அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். நாங்கள் நின்ற இடத்திலிருந்து துறைமுகம் பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை.

அந்த அடுத்த முறை என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் சொல்கிறேன். கிள்ளானுக்குச் செல்லும் நம் அன்பர்களில் பெரும்பாலோர் என்னைப்போலவே கோயிலையும் கடைவீதியையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அந்தக் கடலோரத்தில் நாம் காணவேண்டியவை இன்னும் பல உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

இரும்புப் பாதையில் ஒரு பயணம்

பேருந்தை விட்டுவிட்டு ஒரு முறையேனும் ரயிலில் சென்று பாருங்கள். கே.எல். சென்ட்ரலில் போர்ட் கிள்ளான் செல்லும் கொமுட்டர் ரயிலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கிள்ளானை அடையலாம். இது வெறும் வசதிக்காகச் சொல்லும் யோசனையன்று. இந்தப் பாதைக்கும் நமக்கும் உறவு உண்டு.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றின் வடகரையில் உள்ள புக்கிட் கூடா வரை 1886-ஆம் ஆண்டில் ரயில் பாதை திறக்கப்பட்டது. 1890-ல் ஆற்றின்மேல் பாலம் கட்டி முடிக்கப்பட்டு, ரயில் கிள்ளான் நகருக்குள் வந்தது. 1899-ல் பாதை கடல் முகம் வரை நீண்டது. அங்கே எழுந்த புதிய துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டு, ஆங்கிலேய அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாமின் பெயரால் 'போர்ட் சுவெட்டன்ஹாம்' எனப்பட்டது. 1972-ல்தான் அது 'போர்ட் கிள்ளான்' ஆயிற்று. நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கடைசிவரை பழைய பெயரைத்தான் சொல்லி வந்தார்கள்.

இந்த ரயில்வேயில் தண்டவாளம் பதித்தவர்களிலும், அதனைப் பராமரித்தவர்களிலும், நிலையங்களில் எழுத்தர்களாக அமர்ந்தவர்களிலும் தமிழகத்துத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் ஏராளம். அவர்கள் குடியிருந்த இடம் நமது பிரிக்பீல்ட்ஸ். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இவ்வூர் ரயில்வே ஊழியர்களால் வளர்ந்தது. 1904-ல் எழுந்த விவேகானந்தா ஆசிரமமும், ஸ்காட் சாலையில் இலங்கைத் தமிழர் எழுப்பிய கந்தசுவாமி கோயிலும் அந்தக் காலத்தின் கொடைகள். 1905-ல் கட்டப்பட்ட 'நூறு வீடுகள்' என்ற ஊழியர் குடியிருப்பு இன்று இல்லை. பழைய ரயில்வே பணிமனை நிலத்தில்தான் 2001-ல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது.

ஆகவே நம் முன்னோர் கடலிலிருந்து ஏறிவந்த பாதையில் நாம் இறங்கிச் செல்கிறோம். பெட்டாலிங், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று நிலையங்கள் வரும்போது, இவற்றுள் எத்தனை இடங்கள் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களாக இருந்தன என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1978-ல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம் தோட்ட நிலங்களின்மேல் எழுந்த நகரம்தான்.

பெருமாள் தரிசனம்

கிள்ளானில் முதலில் செய்யவேண்டியது இறைவழிபாடே. பெர்சியாரான் ராஜா மூடா மூசா சாலையில் அமைந்துள்ள ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. மலேசியாவில் உள்ள வைணவத் திருக்கோயில்களுள் மிகப் பழைமையும் பெருமையும் வாய்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. 'தென்கிழக்காசியாவின் திருப்பதி' என்று அன்பர்கள் இதனை அழைப்பதும் உண்டு.

புரட்டாசி மாதச் சனிக்கிழமைகளில் இங்கே கூடும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. கூட்டத்தோடு கூட்டமாய் நின்று கோவிந்த நாமம் சொல்வதில் ஒரு தனி ஆனந்தம் உண்டு என்பது உண்மையே. ஆனால் முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துச் செல்வோர் மற்ற மாதங்களில் ஒரு சாதாரண நாள் காலையில் செல்வது நலம். அப்போதுதான் பெருமாளை நின்று நிதானமாகச் சேவிக்கவும், பிரகாரத்தில் அமர்ந்து பிள்ளைகளுக்குக் கோயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லவும் முடியும்.

கிள்ளானிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் மாரியம்மன், முனீஸ்வரர், சுப்பிரமணியர் ஆலயங்கள் இன்னும் பல உள்ளன. அவற்றுள் பல, தோட்டப்புறத்தில் ஒரு மரத்தடியிலும் ஒரு கல்லிலும் தொடங்கியவை. பெரிய கோயிலைப் பார்த்தபின் அப்படிப்பட்ட ஒரு சிறிய கோயிலுக்கும் சென்று, ஒரு விளக்கேற்றி, உண்டியலில் இயன்றதைப் போட்டுவிட்டு வாருங்கள். தோட்டம் போய்விட்டது, மக்கள் சிதறிவிட்டார்கள், கோயில் மட்டும் தொழிற்சாலைகளுக்கு நடுவில் நிற்கிறது என்ற நிலையில், ஒருகாலப் பூசைக்கே சிரமப்படும் இடங்கள் உள்ளன. நம் வருகையே அவர்களுக்குப் பெரிய ஊக்கம்.

நடந்து பார்க்கவேண்டிய அரச நகரம்

கிள்ளான் ரயில் நிலையத்தைச் சுற்றியே பல இடங்களை நடந்து பார்த்துவிடலாம். ஜாலான் தெங்கு கிளானாவில் உள்ள லிட்டில் இந்தியாவைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. மாலை தொடுப்பவர்கள், மசாலைக் கடைகள், எவர்சில்வர் பாத்திரக் கடைகள், சேலைக் கடைகள், வாழையிலைச் சாப்பாடு என்று அங்கே இல்லாதது இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அந்தச் சாலை ஒளிமயமாக இருக்கும். அதே வட்டாரத்தில் தமிழ் முஸ்லிம் சகோதரர்களின் இந்தியர் பள்ளிவாசலும் உண்டு. ஒரே கப்பலில் வந்தவர்கள் ஒரே தெருவில் தத்தம் தெய்வத்தை வணங்கி வாழ்ந்த ஊர் இது.

அருகிலேயே சுல்தான் சுலைமான் கட்டடம் என்ற வெண்ணிற மாளிகை உள்ளது. ஏ.பி. ஹப்பாக் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1909-ல் எழுந்தது. 2007 முதல் இது சுல்தான் அப்துல் அஜீஸ் அரச காட்சிக்கூடமாக விளங்குகிறது. சிலாங்கூரின் எட்டாவது சுல்தானாகவும் நாட்டின் பதினோராவது மாமன்னராகவும் இருந்தவரின் நினைவாக அமைந்த இக்கூடத்தில் அரச ஆபரணங்களையும் அன்பளிப்புகளையும் காணலாம். பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கும் நாள், நேரத்தைப் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சற்றுத் தொலைவில் கெடோங் ராஜா அப்துல்லா என்ற பழைய கிடங்கு நிற்கிறது. இதைக் கட்டிய ராஜா அப்துல்லாதான் 1857-ல் 87 சீனத் தொழிலாளர்களை ஈயம் தேடிக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பி வைத்தவர். அவர்கள் கரையேறிய ஆற்றுச் சந்திப்பே பின்னாளில் கோலாலம்பூர் ஆயிற்று. தலைநகர் பிறந்த கதை கிள்ளானில்தான் தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டும்.

ஆற்றைக் கடக்கும் கோத்தா பாலத்தையும் பாருங்கள். மேல்தளத்தில் வாகனங்கள், கீழ்த்தளத்தில் நடப்போரும் மிதிவண்டிக்காரரும் செல்லும்படி கட்டப்பட்ட இரண்டடுக்குப் பாலம் இது. கீழ்த்தளத்தில் நின்று ஆற்றைப் பார்த்தால், இந்த நகரத்துக்கு ஆறுதான் தாய் என்பது விளங்கும்.

துறைமுகமும் படகுப் பயணமும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கிள்ளானிலிருந்து அதே ரயிலில் ஏறினால் தெலுக் பூலாய், தெலுக் காடோங், கம்போங் ராஜா ஊடா, ஜாலான் கஸ்தாம் ஆகியவற்றைக் கடந்து, கடைசி நிலையம் போர்ட் கிள்ளான். 'கஸ்தாம்' என்றால் சுங்கம். பெயரிலேயே துறைமுகத்தின் வாடை வீசுகிறது அல்லவா?

இன்று இது உலகின் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகங்களுள் ஒன்று. வடதுறை, தென்துறை, இண்டா தீவில் உள்ள மேற்குத்துறை என்று பரந்து கிடக்கிறது. சரக்குத் துறைகளுக்குள் நாம் நுழைய முடியாது. ஆனால் வடதுறைக்கு அருகே தஞ்சோங் ஹராப்பான் என்ற கடலோரப் பூங்கா உண்டு. மாலை வேளையில் குடும்பத்தோடு அமர்ந்து, மலைபோன்ற கப்பல்கள் மெல்ல நகர்வதைப் பார்க்கலாம். 'ஹராப்பான்' என்ற மலாய்ச் சொல்லுக்கு நம்பிக்கை என்று பொருள். நம்பிக்கை முனை!

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள படகுத்துறையிலிருந்து பூலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவுக்குப் படகுகள் செல்கின்றன. ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரப் பயணம். தீவு முழுவதும் சதுப்பு நிலம். சீன மீனவர்கள் கால்நட்டுக் கட்டிய வீடுகளும், அவற்றை இணைக்கும் நடைபாதைகளும், சீனக் கோயில்களும் காணத் தக்கவை. கார் கிடையாது. மிதிவண்டியும் மின்மிதிவண்டியும்தான். சைவ உணவு உண்போர் கட்டுச்சோறு கொண்டுசெல்வது நல்லது.

ஆனால் நான் அங்கே போகச் சொல்வது தீவுக்காக மட்டுமன்று. படகு துறையை விட்டுச் சற்றுத் தூரம் சென்றதும் எழுந்து நின்று திரும்பிப் பாருங்கள். இரு பக்கமும் பசிய சதுப்புக் காடு, சேற்று நிற நீர், தூரத்தில் கரை. பாரந்தூக்கிகளையும் கட்டடங்களையும் மனத்தால் நீக்கிவிட்டால், நம் பாட்டன் பாட்டி இந்நாட்டை முதன்முதலாகப் பார்த்த காட்சி அதுதான். ஒரு வார காலம் கடலில் வாந்தியும் மயக்கமுமாய் வந்தவர்கள், கையில் ஒரு தகரப் பெட்டியோடு கப்பலின் மேல்தளத்தில் நின்று இந்தக் கரையைத்தான் பார்த்தார்கள்.

1910-ல் ஒப்பந்தக் கூலிமுறை முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறை வளர்ந்தது. 1938-ல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பது நடந்தது. அதற்குப் பின்னும் குடும்பங்களும் வணிகர்களும் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலை அறியாத பழைய தலைமுறை இல்லை. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை அது ஓடியது. அதன் இடத்தில் வந்த 'எம்.வி. சிதம்பரம்' 1985-ல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் போக்குவரத்தும் ஓய்ந்தது.

இறங்கியவர்கள் நேரே வீட்டுக்குச் செல்லவில்லை. நோய் பரவாதிருக்கத் தனிமை முகாமில் அடைத்து வைக்கப்பட்ட பிறகே தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள். வந்த இடத்திலும் நோய் காத்திருந்தது. துறைமுகம் திறந்த சில மாதங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பலரை வாரிக்கொண்டு போயிற்று. 1901-ல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடிகால் வெட்டி வெளியேற்றி, கொசு பெருகும் இடங்களை ஒழித்தார். கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-ல் இந்தியாவில் கண்டறிந்த உண்மையை, உலகில் முதன்முதலாக வெற்றியோடு செயல்படுத்திய இடங்களுள் கிள்ளானும் போர்ட் சுவெட்டன்ஹாமும் அடங்கும். இன்று நாம் சாதாரணமாகத் தாண்டிச் செல்லும் பழைய வடிகால்கள் பல உயிர்களைக் காத்தவை.

தோட்டங்களும் 1941-ஆம் ஆண்டும்

கிள்ளானைச் சுற்றிலும் காப்பார், மேரு, பந்திங் என்று எத்திசையில் சென்றாலும் தோட்டங்கள் இருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. பேருந்து அவ்வழியே செல்லும்போது ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைச் சற்று நிறுத்தி, 1941-ஆம் ஆண்டில் அங்கே நடந்ததைச் சொல்லுங்கள்.

அவ்வாண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். அவர் 'தமிழ் நேசன்' பத்திரிகையின் ஆசிரியர் குழுவிலும் பணியாற்றியவர். அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி. பிள்ளைகளுக்கு நல்ல கல்வி. மருத்துவ வசதி. தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடுவது. உறவினர் வந்து பார்த்துச் செல்ல உரிமை. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு, இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். அடுத்து சயாம் மரண ரயில்வே. கிள்ளான் பகுதித் தோட்டங்களிலிருந்தும் பலர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராமலே போனார்கள்.

கள்ளுக்கடையை மூடு, பள்ளியைத் திற என்று எழுத்தறியாத மக்கள் கேட்டார்கள் என்பதை, நாற்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு கழித்த எனக்கு நினைக்கும்தோறும் மெய்சிலிர்க்கிறது. இன்று கிள்ளானில் உள்ள சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்று. அவ்வழியே சென்றால் வெளியிலிருந்தாவது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

கேரித் தீவும் மோரிப் கடற்கரையும்

இரண்டாம் நாள் ஒதுக்க முடிந்தவர்கள் தெற்கே செல்லலாம். தெலுக் பங்லிமா காராங் வழியாகப் பாலத்தைக் கடந்தால் கேரித் தீவு. ஆங்கிலேயத் தோட்ட முதலாளி ஒருவரின் பெயர் அது. தீவெங்கும் செம்பனை. அங்கே வாழும் மாஹ் மெரி என்ற பூர்வகுடி மக்கள் மரச்சிற்பத்திலும் முகமூடி செதுக்குவதிலும் ஓலைப் பின்னலிலும் கைதேர்ந்தவர்கள். சுங்கை பும்புன் கிராமத்தில் அவர்களின் கைவேலையைக் காணலாம். விலை பேசாமல் ஒரு பொருளை வாங்கி வாருங்கள்.

ஆண்டுக்கொரு முறை அவர்கள் தம் முன்னோரை நினைத்து வழிபடுகிறார்கள். கடல் வற்றிய நேரத்தில் சேற்றுக் கரையில் படையல் வைத்து அவர்கள் செய்யும் வழிபாட்டுக்கு 'பூஜா பந்தாய்' என்று பெயர். நம் பூசை என்ற சொல்லேதான். ஆடி அமாவாசையன்று நாம் கடற்கரையில் எள்ளும் நீரும் இறைப்பதும் அவர்கள் படையல் வைப்பதும் ஒரே நன்றியுணர்வின் இரு வடிவங்கள் அல்லவா?

பந்திங் வழியே மேலும் சென்றால் மோரிப் கடற்கரை. பரந்த, ஆழமில்லாத கரை. கடல் வற்றும் நேரத்தில் சேறுதான் தெரியும். ஆகவே நீர் ஏறும் நேரத்தை அறிந்து செல்லவேண்டும். 1945 செப்டம்பர் 9-ஆம் நாள், ஜப்பானிய ஆட்சியின் முடிவில், நேசநாட்டுப் படைகள் இங்கே கரையிறங்கின. அவற்றுள் 25-ஆம் இந்தியப் படைப்பிரிவும் இருந்தது. வாகனங்கள் சேற்றில் புதைந்து பெரும்பாடு பட்டார்களாம். அதன் நினைவுச்சின்னம் கடற்கரையில் உள்ளது. திரும்பும் வழியில் பழைய அரச ஊரான ஜுக்ராவையும், அங்குள்ள சுல்தான் அப்துல் சமாட் அடக்கத்தலத்தையும் பார்க்கலாம்.

வடக்கே கோல சிலாங்கூர்

வடக்கே செல்ல விரும்புவோருக்குக் கோல சிலாங்கூர் உண்டு. ஆற்றுமுகத்தில் உள்ள மெலாவாத்தி குன்றில் பழைய கோட்டைப் பகுதியும் பீரங்கிகளும் கலங்கரை விளக்கமும் உள்ளன. 1784-ல் டச்சுக்காரர்கள் இதைச் சிறிது காலம் பிடித்து வைத்திருந்தார்கள். குன்றில் வெள்ளி நிறக் குரங்குகள் பிள்ளைகளைச் சுற்றி வரும். பார்க்க அழகு; தின்பண்டம் கொடுக்காதிருப்பதே அவற்றுக்கு நல்லது.

இருட்டிய பிறகு கம்போங் குவாந்தானில் படகேறி மின்மினிகளைக் காணலாம். ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கில் அமர்ந்து ஒரே நேரத்தில் மின்னி மறையும். கரையோரச் செடிகொடிகளை வெட்டுவதாலும் ஆற்றுநீர் கெடுவதாலும் அவை குறைந்து வருகின்றன. கைவிளக்கு, கைப்பேசி ஒளி எதையும் காட்டாமல் அமைதியாக அமர்ந்திருந்தால் போதும். கார்த்திகைத் தீபத்தை இறைவனே ஏற்றி வைத்தது போலிருக்கும்.

புறப்படுமுன் கவனிக்க வேண்டியவை

காலை ஏழு மணிக்கெல்லாம் பசியாறிவிட்டுப் புறப்படுங்கள். பத்து மணிக்குமேல் கிள்ளான் வெயில் கடுமை. குடிநீர், குடை, முதியோர்க்கான மருந்து ஆகியவை கையில் இருக்கட்டும். ஒரே நாளில் எல்லா இடத்தையும் பார்க்க எண்ணாதீர்கள். முதல் நாள் கோயில், நகரம், துறைமுகம்; மறுமுறை தெற்கு அல்லது வடக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். தீவுக்குப் போவோர் திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். கடற்கரையில் சடங்கு செய்வோர் ஞெகிழிப் பைகளையும் படச் சட்டங்களையும் நீரில் விடவேண்டாம். பூவும் எள்ளும் போதும். முன்னோர் குப்பையைக் கேட்கவில்லை.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. பயணத்துக்கு முன் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர் எது? எந்தத் துறையில் கப்பலேறினார்கள்? கப்பலின் பெயர் என்ன? எந்த ஆண்டு, எங்கே இறங்கினார்கள்? முதலில் போய்ச் சேர்ந்த தோட்டம் எது? ஆசிரியனாக இருந்தவன் கொடுக்கும் வீட்டுப்பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் தாத்தாவைப் பற்றி இந்த ஐந்தில் இரண்டுக்குத்தான் எனக்கு விடை தெரியும். மற்ற மூன்றையும் கேட்க வாய்ப்பிருந்தபோது நான் விளையாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு வேண்டுகோள்

இனி அந்த மூதாட்டியின் கதைக்கு வருகிறேன். 'அடுத்த முறை' என்று நான் சொன்ன மறு ஆண்டு பயணம் நடைபெறவில்லை. அதற்கடுத்த ஆண்டு அவருக்கு உடல்நலமில்லை. பிறகு ஒரு தை மாதத்தில் அவர் இறைவனடி சேர்ந்தார். ஆறு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு 'ரஜூலா'வில் வந்து இறங்கியவர் என்பதும், எழுபது ஆண்டுகளுக்கு மேல் இம்மண்ணில் வாழ்ந்தும் கடைசிவரை சிவப்பு அடையாள அட்டையோடே இருந்தார் என்பதும் அவருடைய மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அஸ்தி கரைக்க என்னையும் அழைத்திருந்தார்கள். போர்ட் கிள்ளான் படகுத்துறையில்தான் ஏறினோம். படகு சற்றுத் தூரம் சென்றதும் மகன் பானையை நீரில் இறக்கினார். "அம்மா போர்ட்டைப் பார்க்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, சார்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? பத்துக் கிலோமீட்டர் தூரத்தை நான் அரை மணி நேரக் கணக்குப் பார்த்து மறுத்தேன். அந்தக் கடன் என்மேல் இருக்கிறது.

ஆகவே நமது அறவாரியத்தின் புரவலர்களுக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். அன்னதானத்துக்கும் திருப்பணிக்கும் கல்வி நிதிக்கும் நீங்கள் வாரி வழங்குகிறீர்கள். அவற்றோடு, ஆண்டுக்கு ஒரு பேருந்துக்கான செலவை மட்டும் தனியே ஒதுக்கித் தந்தால், கப்பலில் வந்தவர்களையும் வந்தவர்களின் பிள்ளைகளையும் கட்டணமின்றி அத்துறைக்கு அழைத்துச் செல்லலாம். ஒவ்வொரு முதியவருக்கும் அருகில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவரை அமர்த்துவோம். மாணவர் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வழிநெடுகப் பெரியவர் சொல்லட்டும், பிள்ளை எழுதட்டும். அப்படி எழுதியவற்றை அடுத்தடுத்த மலர்களில் நாம் வெளியிடலாம்.

பெரிய கோபுரங்களை நாம் எப்போது வேண்டுமானாலும் எழுப்பிக்கொள்ளலாம். கப்பலில் வந்து இறங்கிய மனிதர்கள் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் நம்மோடு இருப்பார்கள். அவர்களில் ஒருவர் இந்த மலரை வாசிக்கும் உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். ஆலயப் பயணத்துக்கெனக் காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை அவரை அழைத்துக்கொண்டு ரயிலேறுங்கள். கடைசி நிலையத்தில் இறங்குங்கள். அவர் கையைப் பிடித்துப் படகுத்துறை வரை நடத்திச் சென்று, அவர் பேசும்வரை பக்கத்தில் நில்லுங்கள்.